பூனைக்குட்டியை வதைக்கும் சிறுவன் நாளைய குற்றவாளியா?

வாசகர் கடிதம்: என் மகனுக்கு ஒன்பது வயது. மூன்று மாதங்களாக வீட்டில் ஒரு பூனைக்குட்டி வளர்க்கிறோம். அதன் வாலைப் பிடித்துத் தூக்குவான். கேட்டால் விளையாட்டு என்பான். போன வாரம் குளியலறையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். குட்டியை வாளிக்குள் போட்டு, மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவிட்டான். என் கணவர் பெல்ட்டால் அடித்தார். "தொடர் கொலை செய்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். படுக்கையை நனைப்பதும் அதற்கு ஓர் அடையாளம்" என்கிறார் அவருடைய அண்ணன். இவன் இன்னும் சில இரவுகளில் படுக்கையை நனைக்கிறான். எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். என் மகன் கொலைகாரன் ஆகிவிடுவானா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் கேள்விக்கே வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துக்கொண்டு உங்கள் மகன் கொலைகாரன் ஆவான் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி அடித்துச் சொல்கிறவர் ஆராய்ச்சிகளைத் தலைகீழாகப் படித்திருக்கிறார். அதற்காக, "பையன்கள் அப்படித்தான், வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடவும் கூடாது. வாளியில் நடந்தது இந்த வாரமே கவனிக்க வேண்டிய விஷயம். இருபது வருடம் கழித்து அவன் என்ன ஆவான் என்பதை அது அதிகம் சொல்லாது. இன்றைக்கு அவன் வாழ்க்கையில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆராய்ச்சியைப் பேசுவதற்கு முன், தள்ளிப்போட முடியாத மூன்று வேலைகள்.

பூனைக்குட்டியை அவனிடமிருந்து பிரித்து வையுங்கள். வெளியிலிருந்து பூட்டக்கூடிய ஓர் அறை இருந்தால் அங்கே. இல்லையென்றால் நம்பகமான உறவினர் வீட்டில் சில வாரங்களுக்கு. அதை அவன் எதிரே கோபமாகத் தூக்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள். அது தண்டனையாகிவிட்டால், பூனைமேல் உள்ள ஆத்திரம்தான் கூடும். வாலைப் பிடித்துத் தூக்கியிருப்பதால் கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். வாலின் அடியில் உள்ள நரம்புகள் இழுபட்டால் பூனைக்குச் சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லாமல் போகலாம். வெளியில் காயமே தெரியாது.

அடுத்தது, அவன் உடம்பைப் பாருங்கள். கடியோ கீறலோ இருக்கிறதா? விலங்கைத் துன்புறுத்தும் குழந்தைகள் கடிபட்டால் மறைப்பார்கள். கடியைச் சொன்னால் செய்ததையும் சொல்ல வேண்டிவரும் அல்லவா? "கடித்திருந்தால் திட்ட மாட்டேன், மருந்து போட வேண்டும், காட்டு" என்று கேளுங்கள். தோல் கிழிந்திருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பழைய காயமானாலும் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி தேவையா என்று அவர் முடிவு செய்யட்டும்.

மூன்றாவது, நான்கு வயது மகளை அவனோடு தனியாக விடாதீர்கள். அவன் ஆபத்தானவன் என்று முத்திரை குத்துவதற்காகச் சொல்லவில்லை. காரணம் தெரியும்வரை சிறியவர்களை மேற்பார்வையில் வைப்பது இரண்டு குழந்தைகளுக்குமே பாதுகாப்பு. மகளிடம் தனியாக, சாதாரணமாகப் பேச்சுக்கொடுங்கள்: "அண்ணன் விளையாடும்போது எப்போதாவது வலிக்குமா?"

இனி உங்கள் கணவரின் அண்ணன் சொன்ன கதைக்கு வருகிறேன். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி குறையும்.

1963-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் மெக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர், கொலை மிரட்டல் விடுத்திருந்த 100 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்களில் மிகுந்த வன்மம் கொண்டவர்களிடம் மூன்று விஷயங்கள் சிறுவயதில் சேர்ந்து இருந்ததாக அவருக்குத் தோன்றியது: படுக்கையில் சிறுநீர் கழித்தல், தீ வைத்தல், விலங்கு வதை. கவனியுங்கள், அவர்கள் மிரட்டியவர்கள். கொலை செய்தவர்களைப் பற்றிய ஆய்வு அல்ல அது. ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண மனிதர்களின் குழு ஒன்றும் அதில் இல்லை. 1966-இல் ஹெல்மன், பிளாக்மன் என்ற இருவர் 84 கைதிகளை ஆராய்ந்து, வன்முறைக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோரிடம் இந்த மூன்றும் அல்லது அவற்றில் சில இருந்ததாக எழுதினார்கள். அதோடு கருத்து ஊன்றிவிட்டது. ஆனால் மெக்டொனால்டே பிற்பாடு தன் ஊகத்தைச் சோதித்துப் பார்த்தபோது உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை. அது 1968-இல் வெளிவந்தது. ஊகத்துக்குக் கிடைத்த புகழ் அதன் மறுப்புக்குக் கிடைக்கவில்லை. இந்த மூன்று அடையாளப் பட்டியலை இன்றும் சிலர் வகுப்பெடுத்துச் சொல்லித்தருவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. படுக்கையை நனைத்ததற்காகக் குழந்தைகள் சந்தேகிக்கப்படுகிறார்கள்.

படுக்கை விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஐந்து வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பேருக்கு இரவில் சிறுநீர் போகும். ஆண்டுதோறும் அவர்களில் 15 சதவீதத்தினருக்குத் தானாகவே நின்றுவிடும். ஆழ்ந்த தூக்கம், இரவில் சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் ஹார்மோன் போதாமை, மலச்சிக்கல், தாய் தந்தையருக்கும் சிறுவயதில் இருந்திருப்பது, இவையே வழக்கமான காரணங்கள். வன்முறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: இவனுக்கு இது எப்போதுமே இருந்ததா, அல்லது ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்து மறுபடி வந்ததா? மறுபடி வந்ததென்றால் சிறுநீரில் சர்க்கரையும் தொற்றும் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அவை இல்லையென்றால், அது தொடங்கிய சமயத்தில் அவனுக்கு என்ன நேர்ந்தது என்று தேட வேண்டும். பூனைக்குட்டியிடம் அவன் முரடாக ஆரம்பித்ததும் அதே சமயம்தானா என்பது மிக முக்கியமான தகவல்.

விலங்கு வதை மட்டும் தனி. மூன்றில் இன்றுவரை ஆராய்ச்சியாளர்கள் தூக்கி எறியாமல் வைத்திருப்பது அதைத்தான். எந்த அளவுக்கு என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

1985-இல் கெல்லர்ட், ஃபெல்தஸ் இருவரும் கைதிகளும் கைதியல்லாதவர்களுமாக 152 ஆண்களிடம் விரிவாகப் பேசினார்கள். மிகவும் ஆக்ரோஷமான கைதிகளில் நான்கில் ஒருவர் சிறுவயதில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தடவை விலங்குகளைக் கொடுமைப்படுத்தியிருந்தார். சிறைக்கு வெளியே இருந்தவர்களில் அப்படி ஒருவரும் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. அதே எண்ணை மறுபக்கத்திலிருந்து பாருங்கள்: அந்தக் கொடிய கைதிகளில் நான்கில் மூன்று பேர் அவ்வளவு தடவை செய்திருக்கவில்லை. 1999-இல் கிளிஃப்டன் ஃபிளின் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 267 மாணவர்களிடம் கேட்டபோது, ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் எப்போதாவது ஒரு விலங்கைத் துன்புறுத்தியதாக ஒப்புக்கொண்டார். அவர்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சாதாரண இளைஞர்கள். கொலைகாரர்களைப் பிடித்து "சிறுவயதில் என்ன செய்தாய்?" என்று கேட்பது வேறு, ஒரு சிறுவனைப் பார்த்து "பெரியவனாகி என்ன செய்வான்?" என்று கேட்பது வேறு. உங்கள் வீட்டில் நடப்பது இரண்டாவது. அதற்கு முதலாவதின் பதில் பொருந்தாது.

இன்னொரு ஆய்வை நான் அதிகம் மதிக்கிறேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விலங்கு வதைக்காக வழக்குத் தொடரப்பட்ட 153 பேரை, அதே வயது, அதே பாலினம், அதே பகுதியைச் சேர்ந்த 153 பேரோடு ஆர்னால்ட் ஆர்லூக் குழுவினர் 1999-இல் ஒப்பிட்டார்கள். வதைத்தவர்கள் மனிதர்கள்மீதும் வன்முறைக் குற்றம் செய்திருப்பதற்கான வாய்ப்பு ஐந்து மடங்கு. ஆனால் விலங்கில் ஆரம்பித்து மனிதனுக்கு ஏறும் படிக்கட்டு எதுவும் அதில் தென்படவில்லை. சிலருக்கு மனிதர்மீதான குற்றம் முந்தியது, சிலருக்கு விலங்கு வதை முந்தியது. சொத்துக் குற்றமும் போதைப்பொருள் குற்றமும்கூட அவர்களிடம் அதிகமாகவே இருந்தன. அதாவது விலங்கு வதை, பல சீர்குலைவுகள் சேர்ந்திருக்கும் இடத்தில் அவற்றில் ஒன்றாகத் தலைகாட்டுகிறது. அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2016 முதல் விலங்கு வதையைத் தனிக் குற்றப் பிரிவாகக் கணக்கெடுக்கிறது. வதை நடக்கும் இடத்தில் வேறு வன்முறையும் இருக்கலாம் என்ற புரிதலும் அதற்கு ஒரு காரணம்.

அப்படியென்றால் உங்கள் மகன் செய்ததை எப்படி எடை போடுவது?

மூன்று, நான்கு வயதுக் குழந்தை பூனையின் வாலை இழுப்பது பெரும்பாலும் ஆர்வத்தால்தான். இழுத்தால் அதற்கு வலிக்கும் என்பது இன்னும் மனதில் பதியாத வயது. சொல்லிக்கொடுத்து, கையைப் பிடித்துத் தடவிக் காட்டினால் போதும். ஒன்பது வயதில் அந்த விளக்கம் செல்லாது. குட்டி கத்துவது எதற்காக என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் உங்களைக் கண்டதும் ஓடினான். ஓடியதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: தான் செய்வது தவறு என்ற உணர்வு இருக்கிறது. மறைவாகச் செய்தான் என்பது அதன் மறுபக்கம். எது கனமானது என்பதை ஒரே சம்பவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

எத்தனை தடவை என்பது முதல் அளவுகோல். ஓரிரண்டு முறையும் ஐந்தாறு முறையும் ஒன்றல்ல. அடுத்தது தூரம். கல்லெறிந்து ஓடுவதைவிட, கைக்குள் பிடித்துக்கொண்டு, அதன் தவிப்பைப் பார்த்தபடி நேரமெடுத்துச் செய்வது கவலைக்குரியது. அறிமுகமில்லாத பூச்சியைவிட, பெயர் வைத்துக் கொஞ்சும் பிராணியிடம் அப்படிச் செய்வது இன்னும் கவலைக்குரியது. தனியாகவா, கூட்டமாகவா என்றும் பாருங்கள். கூட்டத்தில் செய்பவன் நண்பர்கள் முன் வீரம் காட்டுபவனாக இருக்கலாம், அல்லது வற்புறுத்தப்பட்டவனாக இருக்கலாம். தனியாக ஒளிந்து செய்பவனிடம் தீர்க்காத ஏதோ ஒன்று உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு அவன் முகம். சிரித்தானா, பயந்தானா, பின்னால் போய்க் குட்டியைத் தேடினானா, எதுவுமே நடக்காததுபோல் இருந்தானா? வாளி சம்பவத்தில் கைக்கெட்டும் நெருக்கம், வீட்டுப் பிராணி, தனிமை, மறைவு ஆகிய நான்கும் இருக்கின்றன. எத்தனை தடவை என்பதும், பின்னர் என்ன உணர்ந்தான் என்பதும் உங்களுக்கே இன்னும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவனோடு பேச வேண்டும்.

பேச்சுக்கு இடம், நேரம் முக்கியம். எதிரெதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். நடந்துகொண்டோ, துணி மடித்துக்கொண்டோ, பக்கத்தில் இருந்து பேசுங்கள். தந்தை அங்கே வேண்டாம். அடித்தவர் எதிரில் உண்மை வராது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். "ஏன் செய்தாய்?" என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்பது வயதுக்கு அதற்குப் பதில் தெரியாது. "தெரியல" என்பான், அல்லது நீங்கள் விரும்புவதாக அவன் நினைக்கும் பதிலைச் சொல்வான். நடந்ததை வரிசையாகக் கேளுங்கள்: "அன்றைக்குப் பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் என்ன செய்தாய்? பூனைக்குட்டி எங்கே இருந்தது? வாளிக்குள் போடும்போது உனக்குள் எப்படி இருந்தது? மூடியபிறகு எப்படி இருந்தது? இதுபோல வேறு யாராவது செய்து பார்த்திருக்கிறாயா? போனில் பார்த்தாயா?" பதில் வரும்வரை சும்மா இருங்கள். நடுவில் அறிவுரை நுழைந்தால் கதவு சாத்திக்கொள்ளும்.

கடைசிக் கேள்வியைத் தனியாக, வேறொரு நாள் கேளுங்கள்: "உன்னை யாராவது இப்படி அடைத்து வைத்தார்களா? அடித்தார்களா? உனக்குப் பிடிக்காத மாதிரி தொட்டார்களா?" இதைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குழந்தைகள் விலங்கிடம் செய்வது பல நேரம் தங்களுக்கு நடந்ததன் நகல். வாளிக்குள் போட்டு மூடி மேலே உட்காருவது என்பது குறிப்பான ஒரு செயல். அதை எங்காவது பார்த்தோ அனுபவித்தோ இருக்கிறானா என்று தேட வேண்டும். பெரிய பையன்கள் கழிப்பறையில் அடைத்திருக்கலாம். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளிடம் விலங்கு வதை மற்றக் குழந்தைகளைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவன் ஏதாவது சொன்னால் அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல், "சொன்னது நல்லது, இது உன் தப்பில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். விவரம் கேட்டுத் துருவுவதை நிபுணரிடம் விட்டுவிடுங்கள்.

பேச்சு முடியும்போது விதியைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்: "எந்த உயிரையும் வலிக்கச் செய்யக் கூடாது. நீ அதைக் கற்றுக்கொள்ளும்வரை நான் பக்கத்தில் இல்லாமல் பூனையிடம் போகக் கூடாது." அவ்வளவுதான். அரை மணி நேரப் பிரசங்கத்தில் இந்த இரண்டு வரியும் காணாமல் போய்விடும்.

சகோதரி, இப்போது பெல்ட்டைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கணவர் அதிர்ச்சியில் அடித்திருப்பார், மகன் திருந்த வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அடித்திருப்பார். ஆனாலும் இது நிற்க வேண்டும். அதே 1999-இல் ஃபிளின் இன்னொரு கட்டுரையும் எழுதினார். விலங்குகளைத் துன்புறுத்திய ஆண்கள், மற்றவர்களைவிட அதிகமாகத் தங்கள் தந்தையிடம் அடிவாங்கியவர்களாக இருந்தார்கள். அடியால்தான் வதை வந்தது என்று அந்த ஒரே ஆய்வைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் அடி அந்தக் குழந்தைக்குச் சொல்வது என்ன என்று யோசியுங்கள்: கோபம் வந்தால், தன்னைவிடச் சிறியவன் தப்பிக்க முடியாத நிலையில் இருந்தால், வலிக்கச் செய்யலாம். வாளிக்குள் அவன் செய்தது அதேதான். அடுத்த முறை அவன் நிறுத்த மாட்டான். இன்னும் நன்றாக ஒளிந்து செய்வான்.

இதைவிடக் கடினமான ஒன்றைக் கேட்கிறேன். கடிதத்தில் எழுதாததாக இருக்கலாம். உங்கள் கணவர் உங்களையும் அடிப்பதுண்டா? பூனையை உதைப்பேன், தூக்கி எறிவேன் என்று யாராவது வீட்டில் மிரட்டுவதுண்டா? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கணவன் அல்லது துணைவனின் வன்முறைக்குத் தப்பி விடுதியில் தங்கியிருந்த, பிராணி வளர்த்த பெண்களிடம் ஃபிராங்க் அசியோன் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக்காகக் கேட்டபோது, நூற்றுக்கு 71 பேர், அந்த ஆண் பிராணியைக் காயப்படுத்தியதாகவோ கொன்றதாகவோ அப்படி மிரட்டியதாகவோ சொன்னார்கள். அவர்களில் தாய்மாராக இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தம் குழந்தையும் பிராணியைத் துன்புறுத்தியதாகச் சொன்னார். அடிபடும் வீட்டில் குழந்தை சில சமயம் அடிப்பவரைப்போல ஆகிப் பார்க்கிறது. தன்மேல் இறங்கியதைத் தன்னைவிடச் சிறியதன்மேல் இறக்குகிறது. பிராணியைப் பெரியவர் கொடூரமாகக் கொல்வதற்கு முன் தானே கொன்றுவிடுவது மேல் என்று செய்த குழந்தைகளும் பதிவாகியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இது இல்லையென்றால் நல்லது. இருந்தால் மகனுக்கான சிகிச்சை உங்கள் பாதுகாப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்படியானால் நிபுணரிடம் முதல் தடவை தனியாகப் போங்கள்.

நிபுணர் என்றால் குழந்தை மனநல மருத்துவர், அல்லது குழந்தைகளோடு பணிபுரியும் மருத்துவ உளவியலாளர். போவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்: தேதி, நேரம், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது, என்ன செய்தான், எவ்வளவு நேரம், யார் இருந்தார்கள், பிறகு எப்படி இருந்தான். விலங்கு சம்பவங்கள் மட்டும் போதாது. தங்கையிடம் மென்மையாக நடந்துகொண்ட தருணங்களையும் எழுதுங்கள்; பரிவு இருக்கிறதா என்பதற்கு அவையே சாட்சி. பள்ளியில் அவன் எப்படி என்று வகுப்பாசிரியரிடமிருந்து எழுதி வாங்குங்கள். பூனை விஷயத்தை ஆசிரியரிடம் விவரிக்க வேண்டியதில்லை. "சண்டை போடுகிறானா, யாராவது இவனைச் சீண்டுகிறார்களா, தனியாக இருக்கிறானா?" என்று கேட்டால் போதும்.

நிபுணர் உங்களோடும் மகனோடும் தனித்தனியே பேசுவார். பேச வேண்டும், இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பத்து நிமிடத்தில் சீட்டு எழுதிக் கொடுத்தால் வேறொருவரைப் பாருங்கள். யோசிக்காமல் பாயும் கவனக்குறைவுக் கோளாறு, தன் பிடியின் வலிமை தெரியாத ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைவு, மனச்சோர்வு, பெரிய அதிர்ச்சி ஆகியவை இருக்கின்றனவா என்று பார்ப்பார். "நடத்தைக் கோளாறு" என்ற பெயரை நீங்கள் கேட்க நேரலாம். 1987 முதல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் விலங்கு வதை அதன் அறிகுறிகளில் ஒன்று. ஆனால் இப்போதைய கையேட்டின்படி 15 அறிகுறிகளில் குறைந்தது மூன்று கடந்த 12 மாதங்களில் இருந்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது கடைசி ஆறு மாதத்துக்குள். சண்டையைத் தொடங்குவது, மிரட்டுவது, ஆயுதம் எடுப்பது, தீ வைப்பது, திருடுவது, வேண்டுமென்றே பொருள்களை உடைப்பது, இரவில் வெளியே தங்குவது போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. பூனை ஒன்றை மட்டும் வைத்து அந்தப் பெயரைச் சூட்ட முடியாது. குற்ற உணர்வின்மை, பிறர் வலியைப் பொருட்படுத்தாமை, வெளிவேஷமான உணர்ச்சி, தன் செயல்திறன் பற்றிய அக்கறையின்மை ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு, ஒரு வருடமாக, வீடு, பள்ளி என்று பல இடங்களில் தொடர்ந்தால்தான் நிபுணர் கூடுதல் கவலை கொள்வார். நெட்டில் வரும் "உங்கள் குழந்தை சைக்கோவா?" வகைக் கேள்வித்தாள்களை அவனுக்காக நிரப்பிப் பார்க்காதீர்கள்.

விலங்கு வதையை நிறுத்த மாத்திரை கிடையாது. கூடவே கவனக்குறைவுக் கோளாறு போன்ற ஒன்று இருந்தால் அதற்கு மருந்து தரலாம். இந்த வயதில் நன்றாக வேலை செய்வது பெற்றோருக்கான பயிற்சி. வாரம் ஒன்றாகப் பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள். "பயிற்சி எங்களுக்கா, அவனுக்கா?" என்று உங்கள் கணவர் கேட்கலாம். வாரத்தில் ஒரு மணி நேரம் நிபுணரோடு இருக்கும் குழந்தை மீதி நேரமெல்லாம் உங்களோடு இருக்கிறது, அதனால்தான். அங்கே கற்றுத்தருவதில் ஒரு பகுதியை இன்றே தொடங்கலாம். தினமும் பத்து நிமிடம் அவன் தேர்ந்தெடுக்கும் விளையாட்டில், அவன் சொல்படி, போன் இல்லாமல் கூட இருங்கள். மென்மையாக எதைச் செய்தாலும் அந்தக் கணமே, என்ன செய்தான் என்பதைச் சொல்லிப் பாராட்டுங்கள். "நல்ல பையன்" என்பது போதாது. "தங்கை அழுதபோது பொம்மையைக் கொடுத்தாயே, அது எனக்குப் பிடித்தது" என்று சொல்லுங்கள். கோபம் ஏறும்போது உடம்பில் எங்கே தெரிகிறது என்று அடையாளம் காணவும், அப்போது எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளவும் பழக்குங்கள்.

நல்லெண்ணத்தில் செய்து கெடுத்துக்கொள்ளும் சில காரியங்களும் உண்டு. பரிவைக் கற்றுத்தர இன்னொரு குட்டியை வாங்கித்தருவது முதலாவது. பயிற்சிக்கு ஓர் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. அடிபட்ட விலங்குகளின் வீடியோக்களைக் காட்டுவதும் உதவாது. சில குழந்தைகள் பயந்து உறைவார்கள், சிலருக்குப் பழகிப்போகும். பூனையைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்கவைப்பது பூனைக்கும் கொடுமை. அதற்குப் பதிலாக, நீங்கள் பார்த்திருக்கத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்புவது, அதன் மலப்பெட்டியைச் சுத்தம் செய்வது என்று தொடாமல் செய்யும் வேலைகளைக் கொடுங்கள். உறவினர்கள் முன் இந்தக் கதையைப் பேசுவது எல்லாவற்றிலும் மோசமானது. பெரியப்பா வாயால் "கொலைகாரன்" என்று ஒருமுறை கேட்ட குழந்தை, தன்னை அப்படியே நினைக்க ஆரம்பிக்கும். அந்தச் சொல் உங்கள் வீட்டுக்குள் இனி வரக் கூடாது என்று உங்கள் கணவர் தன் அண்ணனிடம் சொல்லட்டும்.

முன்பதிவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே உதவி தேட வேண்டிய நிலைகள் இவை: தங்கையை இதேபோல் செய்வேன் என்றால், அல்லது செய்ய முயன்றால், கத்தி, கயிறு, தீப்பெட்டி எடுத்து வைத்திருந்தால், திட்டமிட்டு ஒரு பிராணியைக் கொன்றிருந்தால், அதைப் படமெடுத்திருந்தால், பாலியல் சார்ந்த எதையாவது விலங்கிடம் செய்திருந்தால், தான் சாக வேண்டும் என்று சொன்னால். கடைசியைக் கேட்டு வியக்க வேண்டாம். பிறரைக் காயப்படுத்தும் குழந்தைகள் பலர் தம்மையும் வெறுக்கிறார்கள்.

பூனைக்குட்டி எப்போது திரும்பி வரலாம் என்று அவனே கேட்பான். தேதி சொல்லாதீர்கள். நிபுணர் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த விலங்கிடமும், தங்கையிடமும் புதுச் சம்பவம் இல்லாமல் குறைந்தது மூன்று மாதம் போயிருக்க வேண்டும். அடி வீட்டில் நின்றிருக்க வேண்டும். வந்தபிறகும் முதல் சில வாரங்கள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம். பூனைக்கு உயரத்தில் ஏறித் தப்பிக்க ஓர் இடம் எப்போதும் இருக்கட்டும். அது எழுந்து போனால் அவன் பின்தொடரக் கூடாது என்பது விதி. ஒருமுறை மீறினாலும் மறுபடி பிரித்துவிட்டு, அந்தத் தேதியை நோட்டில் எழுதி, அடுத்த அமர்வுக்குக் கொண்டுபோங்கள்.